சத்தம் வராத குண்டு

வெள்ளெருக்கடியில் விழுந்த குண்டுக்குச் சத்தம் வரவில்லை. விழுந்தது உண்மை, வெடித்தது உண்மை, தையல்நாயகியின் வீட்டில் பாதி போனதும் அவளுடைய ஒரே பிள்ளை நிமலன் போனதும் உண்மை. சத்தம் மட்டும் வரவில்லை. யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களில் குண்டும் சத்தமும் சேர்ந்தே வந்தன, சில இடங்களில் குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, ஆனால் குண்டு வந்து தன் வேலையை முழுதாக முடித்துவிட்ட பிறகும் சத்தம் எங்கேயோ வழியில் நின்றுவிட்டது இந்த ஒரு ஊரில்தான். ஊரார் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால் வராது, மண்ணெண்ணெய் வராது, மின்சாரம் நின்று வருஷக்கணக்காகிவிட்டது, கொழும்புக்குப் போன ஆள் திரும்பி வருவதில்லை, இவ்வளவும் வராத இடத்தில் ஒரு சத்தம் வராததற்கு யார் வாயைப் பிளக்கப் போகிறார்கள். வரும்போது வரும் என்று சொல்லிவிட்டு அவரவர் அலுவலைப் பார்த்தார்கள்.

அந்த நாளில் ஊர் காதை வைத்துத்தான் உயிரோடு இருந்தது. பொம்பர் விமானம் எந்தப் பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிற இரைச்சல் எப்போது மாறிக் குத்துகிற இரைச்சலாகிறது, கூவுகிற செல் குண்டு நம்மைத் தாண்டிப் போவதா நமக்கு வருவதா என்பதையெல்லாம் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளும் சோற்றை மென்றுகொண்டே சொல்லும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருந்தது. குப்புறப் படு, கண்ணை மூடு, வாயைத் திறந்து வை, வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான் எழும்பு. சத்தம் கேட்டால் அந்தக் குண்டு முடிந்தது, நீ மிஞ்சிவிட்டாய், இனி மண்ணைத் தட்டிக்கொண்டு உன்னுடைய ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். புகையைப் பார்த்துவிட்டுச் சத்தத்துக்கு முன்னே எழும்பிய கடைக்கார இராசையாவுக்கு என்ன நடந்தது என்பதை ஊர் மறக்கவில்லை.

இந்தச் சட்டத்தை மங்கையர்க்கரசி அளவுக்குப் பிடித்தவர் வெள்ளெருக்கடியில் வேறு யாரும் இல்லை. மங்கை, தையல்நாயகியின் புருஷனுக்குத் தங்கை. அந்த மனுஷன் நிமலன் நடக்கத் தொடங்க முன்னரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட, மங்கையின் புருஷனும் வெளிநாடு என்று போய் வழியில் எங்கேயோ காணாமல் போய்விட, மச்சாள்மார் இரண்டு பேரும் ஒரே வளவில் இரண்டு வீடு, ஒரு கிணறு, பதுங்க ஒரு பங்கர் என்று பிழைத்தார்கள். பங்கரை அவர்களே வெட்டினார்கள், பனங்குற்றி அடுக்கினார்கள், கலியாணச் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி மேலே போட்டார்கள். மங்கை தன் இரண்டு பெட்டைகளையும் நிமலனையும் வரிசையாகக் கிடத்தி, படு என்றால் சேற்றிலும் படுக்க, கூப்பிடு என்றால் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருக்கிற அத்தனை பேரையும் பேர் மறக்காமல் கூப்பிடப் பழக்கினாள். கொஞ்சம் பிசகினாலும் தலையில் ஒரு குட்டு விழும்.

அன்றைக்குச் சங்கக்கடையில் சீனி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மச்சாள்மார் போயிருந்தார்கள். மங்கையின் பெட்டைகள் பள்ளிக்கூடத்தில், நிமலன் இருமல் என்று வீட்டில். சீனிப் பொட்டலத்தோடு ஒழுங்கை முகப்புக்கு வரும்போது பொம்பர் வந்துவிட்டது, வந்த இரைச்சல் பாதியில் அறுந்தது. மங்கை சட்டப்படி விழுந்து கண்ணை மூடினாள். தையலும் விழுந்தாள், ஆனால் பெற்றவள் கண்ணை மூடுவாளா, வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் தன் வளவைப் பார்த்தாள். பங்கர் வாசலில் நிமலன் நின்றான், அவளைக் கண்டுவிட்டான், வாயைத் திறந்து என்னவோ சொன்னான், சொல்லிவிட்டு உள்ளே குனிந்தான், அவ்வளவுதான், வளவு எழும்பி ஆகாயத்துக்குப் போனது. சத்தமில்லை. ஓடு பறந்து மாமரத்தில் விழுந்தது, மதில் சரிந்தது, ஆட்டுக்கொட்டில் சரிந்தது, ஒன்றுக்கும் சத்தமில்லை. தையல் கத்திக்கொண்டு எழும்பினாள், அவள் கத்தலுக்கும் சத்தமில்லை. மங்கை எட்டி அவள் சேலையைப் பிடித்து இழுத்து விழுத்தி, முதுகில் ஏறிப் படுத்து, தன் காதைத் தொட்டுக் காட்டி இல்லை என்று தலையாட்டினாள். சத்தம் வரவில்லை என்றால் அது இன்னும் வெடிக்கவில்லை, புகையை நம்பாதே என்பது அதற்குப் பொருள். தையல் திமிறினாள், கடித்தாள், பிராண்டினாள். மங்கை விடவில்லை. அண்ணன்தான் போய்விட்டான், அண்ணன் பெண்சாதியையாவது காப்பாற்றுகிறேன் என்று அவளுக்கு நினைப்பு.

ஒழுங்கை முழுக்க அப்படியேதான் கிடந்தது. எதிர்வளவு அம்பலவாணர் தன் மதிலுக்குப் பின்னால் கிடந்தார், சந்தைக்குப் போனவர்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்தார்கள், முகத்தில் எறும்பு ஊர்ந்தது, வெயில் முதுகில் ஏறி இறங்கியது, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்துகொண்டு சத்தம் வரட்டும் எழும்பலாம் என்று கிடந்தார்கள். பொழுது சாய்கிற நேரம் ஒரு காகம் வந்து முருங்கையில் இருந்து கரைந்தது. காகத்தின் குரல் எல்லாருடைய காதிலும் விழுந்தது. மற்றச் சத்தங்கள் திரும்பிவிட்டன, அந்த வெடி இப்போதைக்கு வராது என்று அதற்குப் பிறகுதான் ஊர் எழும்பியது. மண்வெட்டியோடு ஓடிப்போய்ப் பங்கரைக் கிண்டினார்கள், நிமலனை எடுத்தார்கள், உயிர் இல்லை. அடுத்த பொம்பர் வருவதற்குள் என்று பறைமேளம் இல்லாமல், பாடை இல்லாமல், ஒரு கதவில் வைத்துக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, சாம்பல் கரைக்கிற சடங்குக்கு, ஐயருக்குச் சொல்ல வேண்டும் என்று மங்கை வந்து நின்றபோது தையல் முடியாது என்றாள்.

“அவன் என்னைப் பாத்து ஒரு சொல்லுச் சொன்னவனடி. நான் கண்ணாலை கண்டனான். சத்தம் வரேல்லை. அந்தச் சொல்லு வழியிலை நிக்குது. அது வந்து சேராமல் நான் என்னண்டு அவன்ரை சாம்பலைக் கரைக்கிறது?”

“வெடிச்ச சத்தமல்லோ மச்சாள் வரப்போகுது. அதுக்குள்ளை பிள்ளையின்ரை கதை ஏன் வரப்போகுது?”

“எல்லாச் சத்தமும் ஒண்டாத்தானே போனது. ஒண்டாத்தான் வரும்.”

சாம்பல் முட்டியை அவள் மிஞ்சிய அறையின் மூலையில் வைத்தாள். பங்கர் இருந்த குழியை மழை வந்து மூடியது, அதன் மேல் ஒரு செடி நடக்கூடத் தையல் விடவில்லை.

மங்கை அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய்ச் சபைக்காரரிடம், சத்தம் சத்தத்தைக் கூப்பிடும், வழியில் நிற்கிற அந்தச் சத்தத்தைக் கூப்பிட்டு ஊருக்குள் விட வேண்டாம், இவ்வளவு நாள் நின்றது ஒரேயடியாக வந்தால் மிச்சமிருக்கிற சுவரும் நிற்காது என்று சொன்னாள். அம்பலவாணர்தான் சபைத் தலைவர். அவர் மங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மறுபேச்சுப் பேசவில்லை. கோயில் மணியின் நாக்கைப் பட்டுத்துணியால் சுற்றிக் கட்டினார்கள். திருவிழாவுக்குத் தவிலும் நாதஸ்வரமும் வேண்டாம் என்றார்கள், சாமி கால்சத்தம்கூட இல்லாமல் வீதி சுற்றினார். ஒழுங்கைக்குள் வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள், புருஷன் பெண்சாதி சண்டைகள் கையாலும் கண்ணாலும் நடந்தன, கள்ளுக் குடித்தவர்கள்கூட ஒருவர் காதுக்குள் ஒருவர் வாயை வைத்துத் தூஷணம் பேசினார்கள். கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளத்துக்குப் பதிலாகத் தாய்மாமன் வந்து பெண்ணின் இரண்டு காதையும் பொத்த வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்து, அது நிலைத்து, மாமன் இல்லாத பெண்ணுக்குக் காது பொத்த இரவல் மாமன் தேடுகிற அளவுக்கு முற்றியது. பக்கத்து ஊரார் இவர்களை ஊமையூர் என்று பகிடி பண்ணினாலும், அந்த ஊர்ப் பெட்டைகள் குரல் உயர்த்திக் கதைக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்தார்கள், சீதனமும் கொஞ்சம் குறைந்தது. நட்டத்திலும் ஒரு லாபம் என்று தாய்மார் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்து விஞ்ஞான மாஸ்டர், சத்தம் என்ன வேகத்தில் போகும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டு, அது இந்நேரம் பூமியைப் பலமுறை சுற்றி வந்திருக்க வேண்டும், ஆகவே யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு சொல்லிவிட்டு, தானும் லண்டனுக்குப் போய்விட்டார். ஊரோடு இடம்பெயர்ந்து போக வேண்டி வந்தபோது தையல் வர மறுத்தாள், நாங்கள் இல்லாத நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அழுதாள். படுக்கையில் கிடந்த கிழவர் ஒருவரிடம், சத்தம் வந்தால் வடிவாகக் கேட்டு வையுங்கோ ஐயா என்று கெஞ்சிச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டாள். மாதங்கள் போய்த் திரும்பி வந்தால் கிழவர் செத்து எலும்பாகக் கிடந்தார். வந்ததா வரவில்லையா என்று ஊர் குழம்பி, கடைசியில் கோயில் கண்ணாடி விளக்கு உடையாமல் இருப்பதைப் பார்த்து, வரவில்லை என்று தீர்த்தார்கள். கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள் தொலைபேசி எடுத்தால் சுகமா என்று கேட்க முன்னர், சத்தம் வந்திட்டுதோ என்று கேட்பார்கள். ஸ்காபரோவில் ஒருவன் தன் வீட்டுக் கூரையில் இருந்து பனி சரிந்து விழுந்த சத்தத்தைக் கேட்டு, எங்கடை சத்தம் இங்கே வந்துவிட்டது என்று ஊர்ச் சங்கத்தைக் கூட்டிப் பிரச்சினைப்பட்டான்.

மங்கை இந்த அமளியை எல்லாம் பார்த்துக்கொண்டு, தான் போட்ட பாயில் ஊர் நன்றாகப் படுத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள். அவள் சுவருக்குப் பயந்து சபையில் அந்தப் பேச்சைப் பேசவில்லை. நிமலனைக் குளிப்பாட்டும்போது அவன் கையைத் துடைத்தவள் அவள். குண்டில் போன பிள்ளையின் கை விரிந்து கிடக்க வேண்டும், இவன் கை இரண்டும் மண்ணை இறுகப் பிடித்திருந்தன, நகங்கள் எல்லாவற்றுக்குள்ளும் மண் அடைந்து, இரண்டு நகம் கழன்றே போயிருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற அம்பலவாணரும் கண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு மங்கை ஈர்க்கால் ஒவ்வொரு நகமாகத் தோண்டித் துடைத்து, விரல்களை நீட்டி, எண்ணெய் பூசி, துணியால் மூடிவிட்டுத் தாயைக் கூப்பிட்டாள். பிள்ளை உள்ளே இருந்து கிண்டியிருக்கிறது. ஊர் வெளியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. அவள் அவனுடைய தாயின் முதுகில் ஏறிப் படுத்திருந்தாள். எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் வரும் என்று தையல் சொன்ன நாளில் இருந்து மங்கை பயந்தது, பிள்ளை உள்ளே இருந்து போட்ட சத்தமும் அதோடு வந்துவிடும் என்றுதான்.

யுத்தம் ஒரு நாள் முடிந்தது என்றார்கள். மிதிவெடி எடுக்கிற ஆட்கள் முகத்துக்குக் கண்ணாடி மூடி போட்டுக்கொண்டு வந்து, சிவப்புத் தடி நட்டு, வளவு வளவாகத் தடவினார்கள். தையலின் வளவில் இருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்துக் காட்டி, இது வெடித்து முடிந்த குண்டு, இனிப் பயமில்லை, நீங்கள் வீடு கட்டலாம் அம்மா என்றார்கள். வெடிச்சது எங்களுக்கும் தெரியும் தம்பி, சத்தம் வரேல்லை, அதை எப்ப எடுப்பியள் என்று தையல் கேட்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அது எங்கள் வேலைக்குள் வராது என்று சொல்லித் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குள் தையலுக்கு வயதாகிவிட்டது, காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் இடது காது போனது, பிறகு வலது காதும் தூரத்துச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் காதுக்குக் கொடுத்த சின்ன மெஷின் இரண்டே மழையில் பழுதாகியது. அவளுக்கு வந்த பதற்றத்தைப் பார்க்கச் சகிக்காது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் சபைக்கு முன்னால் போய் நின்று, “என்ரை காது போறதுக்குள்ளை ஒருக்கால் மேளத்தை அடியுங்கோ. கூப்பிட்டால் வரும் எண்டு நீங்கள்தானே சொல்லுறியள், கூப்பிடுங்கோ” என்று கைகூப்புவாள். அம்பலவாணர் மங்கையைப் பார்ப்பார். மங்கை, கர்ப்பிணிப் பெட்டைகள் இருக்கினம், நெஞ்சு வருத்தக்காரர் இருக்கினம், இந்த வருசம் வேண்டாம் என்பாள். மச்சாளுக்குச் சோறு கொடுக்கிறவளும் அவள்தான், தலை இழுத்துச் சீவிவிடுகிறவளும் அவள்தான், வந்தவர்கள் சொல்வதை வலது காதுக்குள் திருப்பிச் சொல்கிறவளும் அவள்தான், மச்சாளுடைய ஒரே ஆசையின் கழுத்தை வருஷா வருஷம் திருகுகிறவளும் அவள்தான். இதை நினைத்து அவள் தனியாகக் கிணற்றடியில் நின்று அழுவாள். அழுதாலும் அடுத்த வருஷமும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

ஒரு மாசி மாதக் காலையில் தையல் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். மங்கை அவளுக்குப் பின்னால் வந்து, பித்தளைச் செம்பைத் தலைக்கு மேலே தூக்கி, சிமெந்துத் தரையில் போட்டாள். கோழிகள் கலைந்து ஓடின. தையல் திரும்பவில்லை. மங்கை இன்னொரு முறை போட்டாள். தையல் சுளகில் இருந்து கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொழித்தாள். அன்று பின்னேரமே மங்கை சபைக்குப் போய், “இந்த வருசம் அடியுங்கோ, பாவம் மனுசி, எவ்வளவு காலம் கேக்கிறா” என்றாள்.

செய்தியை மங்கையே தையலின் காதோடு வாயை ஒட்டிக் கத்திச் சொன்னாள், அப்படிச் சொன்னால் மட்டும் கொஞ்சம் போகும். தையல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். பிறகு சாமி அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரம் கொளுத்தினாள்.

“எனக்கு இனிக் கேளாதெண்டு எனக்குத் தெரியுமடி. உன்ரை காதுதான் இனி என்ரை காது. அது வரேக்கை கேட்டு, ஒரு எழுத்தும் மாத்தாமல், ஒண்டும் விடாமல் எனக்குச் சொல்லோணும். இதிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

மங்கைக்கு இதுவரை இந்த யோசனை வரவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்து அணைத்தாள், வேறு என்ன செய்வாள்.

தேர்த் திருவிழாவுக்கு வெளியூரில் இருந்து மேளகாரர் வந்தார்கள், கனடாக் காசில் சீனவெடி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. மேளம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள் தாய்மாரின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். மணியின் நாக்கில் இருந்து பட்டுத்துணியை அவிழ்த்தார்கள். உச்சிவெயிலில் தேர் அசைந்து, தவில் ஏறி, சீனவெடிக்கு நெருப்பு வைத்து, அது படபடவென்று வெடித்து ஓய்ந்த அந்த இடைவெளிக்குள் அது வந்தது. முதலில் பொம்பரின் இரைச்சல் வந்தது, ஆகாயத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் கிழடுகள் எல்லாம் பழக்கத்தில் நிலத்தில் விழுந்தன. பிறகு தையலின் வளவுப் பக்கம் இருந்து ஒரு பொடியனின் குரல், இருமலோடு, தெளிவாக வந்தது. “அம்மா, சீனி கிடைச்சதோ?” அதன் பின்னால் வெடிச்சத்தம் வந்தது. கண்ணாடி விளக்குகள் கொட்டுண்டன, தேங்காய்கள் விழுந்தன, காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி வெயிலை மறைத்தன, தேரில் இருந்த ஐயர் சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஊர் எழும்பி மண்ணைத் தட்டியது, அப்பாடா வந்து முடிந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கக்கூடத் தொடங்கியது.

தையல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதுக்குள் போகாத சத்தம் நெஞ்சுக்குள் போயிருந்தது. “வந்திட்டுது, வந்திட்டுது” என்று சொல்லிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினாள், ஊர் பின்னால் ஓடியது. வளவுக்குள் பங்கர் இருந்த இடத்தில் நின்று மங்கையின் தோளைப் பிடித்தாள்.

“என்னடி சொன்னவன்?”

மங்கை வாயை அவள் காதில் வைத்தாள். “அம்மா சீனி கிடைச்சதோ எண்டு கேட்டவன் மச்சாள்.”

தையலின் முகம் விரிந்தது. இவ்வளவு காலமும் காத்திருந்த முகம் ஒரு சின்னப் பிள்ளையின் முகமாகி, “கிடைச்சது ராசா, கிடைச்சது” என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. பிறகு நிமிர்ந்தாள்.

“பிறகு?”

“பிறகு வெடிச்சது.”

“பிறகு?”

அந்த நேரம்தான் அது தொடங்கியது. நிலத்துக்குக் கீழே இருந்து, மண்ணால் அமுங்கிய குரலில், நிமலன் கூப்பிட்டான். மாமி பழக்கிய சட்டப்படி, வெடித்து முடிந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அம்மா, மங்கை மாமி, அம்பலவாணர் மாமா, செல்லம் அன்ரி, ஒழுங்கையில் உள்ள அத்தனை பேரையும் வீட்டு வரிசைப்படி, பேர் மறக்காமல், ஒரு வளவையும் விடாமல் கூப்பிட்டுவிட்டு, நான் இஞ்சை இருக்கிறன் என்று சொல்லி, மறுபடியும் அம்மாவில் இருந்து தொடங்கினான். பேர் கேட்ட ஒவ்வொருவரும் அடி விழுந்தது போல நின்றார்கள். செத்துப்போனவர்களின் பேருக்கு அவர்களின் பிள்ளைகள் நின்றார்கள். ஊர் முழுக்கக் கூடி நின்ற அந்த வளவில், நடுவில் நின்ற ஒருத்தி மட்டும் ஒன்றும் கேட்காமல் மங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமி, மூச்சு முட்டுது மாமி” என்று காலுக்குக் கீழே குரல் வந்தது.

“பிறகு ஒண்டுமில்லை மச்சாள்” என்றாள் மங்கை.

அம்பலவாணருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தேருக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு, கிழ உடம்போடு, மாமரத்தடியில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கி வந்து குழி இருந்த இடத்தில் ஓங்கிப் போட்டார். மற்றவர்களும் பாய்ந்தார்கள். மண்ணைக் குத்த அலவாங்கு கொண்டு வந்தார்கள், அள்ளத் தாச்சி கொண்டு வந்தார்கள், தேர்வடம் பிடிக்க வந்த இளசுகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார்கள், பெண்கள் பட்டுச்சேலையோடு முழங்காலில் இருந்து கையால் மண்ணை அள்ளினார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளையை எடுத்து எரித்துச் சாம்பல் முட்டி அறைக்குள் இருப்பதும் தெரியும். ஆனாலும் குரல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நின்று பார்க்க அவர்களால் முடியவில்லை.

தையல் அவர்களைப் பார்த்தாள். மண் பறப்பதைப் பார்த்தாள், அம்பலவாணர் மூச்சு வாங்கி விழுந்து எழும்பிக் கொத்துவதைப் பார்த்தாள், கெதி கெதி, சீக்கிரம் என்று அசைகிற வாய்களைப் பார்த்தாள். மெதுவாக மங்கையின் பக்கம் திரும்பினாள்.

“செத்த பிள்ளைக்கு ஏனடி இவ்வளவு கெதியாக் கிண்டுறாங்கள்?”

மங்கை நிலத்தைப் பார்த்தாள். தையல் அவளுடைய தாடையைப் பிடித்து இழுத்துத் தன் வலது காதோடு சேர்த்து வைத்தாள்.

“சொல்லு.”

“கூப்பிடுறான் மச்சாள்.”

“ஆரை?”

“என்னைத்தான். மாமி எண்டு கூப்பிடுறான். இப்ப அம்பலவாணரை. இப்ப செல்லத்தை. நான் இஞ்சை இருக்கிறன் எண்டுறான். இப்ப உங்களைக் கூப்பிடுறான் மச்சாள், அம்மா எண்டுறான், திருப்பியும் அம்மா எண்டுறான்.”

அவள் அன்று சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஒரு எழுத்தும் மாற்றாமல், ஒன்றும் விடாமல், குரல் சொன்னதைச் சொன்னாள், குரல் இருமியபோது இருமினான் என்றாள், அழுதபோது அழுகிறான் என்றாள், மண்ணைப் பிராண்டுகிற சத்தம் வந்தபோது அதையும் சொன்னாள். தையல் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை, தள்ளவில்லை. தாடையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. வெயில் முதுகில் ஏறி இறங்கியது. கிண்டியவர்கள் உக்கிப்போன பனங்குற்றிகளைத் தாண்டி, சேலைத்துண்டு ஒட்டிய மண்ணைத் தாண்டி, புது மண்ணுக்குள் போய்விட்டார்கள். குரல் பேர்களைக் குறைத்துக்கொண்டு வந்தது, பிறகு ஒரு பேரை மட்டும் சொன்னது, பிறகு அதையும் பாதியாகச் சொன்னது. பொழுது சாய்கிற நேரம் மங்கையின் வாய் நின்றது.

தையல் அந்த வாயைத் தன் காதோடு இன்னும் நெருக்கினாள்.

“இப்ப?” என்றாள்.

மங்கை காதைக் கொடுத்துப் பார்த்தாள்.

“இப்ப நிண்டிட்டுது மச்சாள்.”

கிண்டுகிறவர்கள் அதற்குப் பிறகும் கிண்டினார்கள்.